நாலாவது பிளக்

பிளக் மாற்றுவது ஒரு வேலையே இல்லை. முறிக்காமல் கழற்றுவதுதான் வேலை.

என் மனைவி தேவகியை உயிரோடு நான் கடைசியாகப் பார்த்தது அப்படி ஒரு பிளக்கோடு மல்லுக்கு நின்றபோது. மாமல்லபுரம் தாண்டி சதுரங்கப்பட்டினம் போகும் வழியில், கடற்கரைச் சாலையை ஒட்டி என் ஒர்க்‌ஷாப். காலை பதினொரு மணி இருக்கும். கோவளம் காதர் பாயின் கேஸ் லாரி கேபினைச் சாய்த்துக்கொண்டு நின்றது. மீன் ஏற்றும் லாரி, டீசலில் இல்லாமல் கேஸில் ஓடுவது. நாலு ஸ்பார்க் பிளக்கில் மூன்றைக் கழற்றிப் புதிதும் போட்டாயிற்று. நாலாவது அரைச் சுற்று வந்ததும் ‘க்ரீச்’ என்று கத்தியது. பிளக் கத்தினால் கையை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிட்டு, குழிக்குள் எண்ணெய் விட்டுக் காத்திருந்தேன். “அரை மணில முடிஞ்சிடும் பாய்” என்று அவருக்குப் போனிலும் சொல்லியிருந்தேன்.

தேவகி வழக்கம்போல டீ ஃபிளாஸ்கோடு வந்தாள். காலையிலிருந்து தோள்பட்டை இழுக்கிறது, டாக்டரிடம் காட்டிவிட்டு வரலாம், கூட வருகிறீர்களா என்று கேட்டாள். “ஒரே ஒரு பிளக்குதான், அரை மணி பொறு” என்று அவளிடமும் அதையே சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. விரல்களின் பின்பக்கத்தை இஞ்சின்மேல் வைத்துப் பார்த்தாள். “இன்னும் ஆறல. உறை ஊத்துற சூடு வர்ல. அவசரப்பட்டு திருவிடாதீங்க. நீங்க இத்த முடிங்க, நான் ஷேர் ஆட்டோல போய்ட்டு வந்துட்றேன்” என்றாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடந்து போனாள். ஆட்டோவில் ஏறும்போது திரும்பிப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் டார்ச் அடித்து பிளக் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்றே காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு, கூட வந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். மாறியிருக்காது. கூட இருந்திருக்கலாம்.

நாலாவது பிளக் அரைச் சுற்றோடு நின்றது. காதர் பாயின் டிரைவர் ஏழுமலைதான் அன்று சாயங்காலம் அதைத் திரும்ப உள்ளே முறுக்கி, கேபினை இறக்கி, என் ஒர்க்‌ஷாப்பைப் பூட்டி, சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போனான். முந்தின வருஷம் மாசி மாதம் அது. அந்தப் பிளக்கின் மீதிக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் பிளக் கழற்றுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீங்களும் எங்கேயோ ஒன்றை முறித்துவிட்டு, கையில் பாதியும் இஞ்சினில் பாதியுமாக முழித்தவராகத்தான் இருப்பீர்கள். இல்லாவிட்டால் இவ்வளவு தூரம் படித்திருக்க மாட்டீர்கள்.

லாரிக்கு ஏது பிளக்?

டீசல் லாரியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. டீசல் அமுக்கத்திலேயே சூடாகித் தானாகப் பற்றிக்கொள்ளும். கேஸுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. பொறி வைக்க ஒருவர் வேண்டும். அவர்தான் பிளக். பாதி பீங்கான், பாதி இரும்பு, ஒரு விரல் நீளம். அது உட்கார்ந்திருக்கும் குழி மட்டும் ஒரு சாண் ஆழம். வெளியிலிருந்து பார்த்தால் இருட்டுத்தான் தெரியும்.

காதர் பாய் டீசல் வண்டியைக் கொடுத்துவிட்டுக் கேஸ் லாரி எடுத்த புதிதில், அது ஒருநாள் திக்கித் திக்கி என் வாசலுக்கு வந்தது. ஏழுமலை ஓட்டி வந்தான். பதினைந்து வருஷம் டீசல் ஓட்டிப் பழகியவன். சத்தத்தைக் கேட்டுவிட்டு, “பிளக் போயிருக்குப்பா” என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்தானோ, எனக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தானோ. பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னான்: “அண்ணாத்த, பைக்க பாக்குற கண்ணாலயே லாரியையும் பாக்குறியே, மொதல்ல போய் ஒரு கண்ணாடி போடு.”

முறிந்த முதல் பிளக்

எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் என்று யாரும் இல்லை. முறிந்த சாமான்கள்தான் சொல்லிக் கொடுத்தன. ஒர்க்‌ஷாப் போட்ட முதல் வருஷம், கருங்குழியிலிருந்து கல்யாணப் பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு ஒரு பெட்ரோல் வேன் வந்து நின்றது. இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பந்தல்காரர் அதைவிடக் கொதித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை மாமல்லபுரத்தில் முகூர்த்தம். பிளக் மாற்றினால் ஓடிவிடும் என்று தெரிந்தது. ஸ்பேனர் போட்டேன், அசையவில்லை. ஸ்பேனர் முனையில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். பந்தல்காரர் சிரித்தார். “வந்துட்ச்சா?” என்றார். வந்தது பாதிதான். திருகு மரை உள்ள பாதி இஞ்சினுக்குள்ளேயே தங்கிவிட்டது.

பந்தல் சாமான் வேறு வண்டியில் போயிற்று. நான் இஞ்சினின் மேல்பாகத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, செங்கல்பட்டில் லேத் பட்டறை வைத்திருக்கும் தாமஸிடம் பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போனேன். முறிந்த பிளக்கைக் குடைந்து எடுப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அன்றுதான் முதல் பழக்கம். சாக்கைப் பிரித்துப் பார்த்தான், குழாய் போட்டு அழுத்தினேன் என்பதையும் கேட்டுக்கொண்டான். திட்டவில்லை. எனக்கு ஒரு டீ சொல்லிவிட்டுச் சொன்னான்: “மச்சான், நீ இப்டியே வேல செஞ்சுகினு இரு, என் புள்ளைங்க படிச்சு பெரியாளாய்டுங்க.”

கைக்குத் தெரியாத சூடு

பிளக் இரும்பு. அது உட்கார்ந்திருக்கும் ஹெட், அதாவது இஞ்சினின் மேல்பாகம், அலுமினியம். இஞ்சின் கொதிக்கும்போது திருகினால், இளகிய அலுமினியத்தின் மரையைப் பிய்த்துக்கொண்டு பிளக் வரும். ராத்திரியெல்லாம் ஆறிக் கல்லாகக் கிடக்கும்போது திருகினால், கரியும் இந்தக் கடற்கரை உப்பும் சேர்ந்து பிடித்துக்கொண்டு பிளக்கை முறிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சூடு இருக்கிறது. அது இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு பிளக் ஆயிற்று. கண்டுபிடித்தும் பயனில்லை. என் உள்ளங்கை அதற்குள் டயர் மாதிரி ஆகிவிட்டது. சைலன்ஸரைத் தொட்டாலே சற்று நேரம் கழித்துத்தான் எனக்குச் செய்தி வரும்.

ஒருநாள் தேவகி டீயோடு வந்தபோது, “இதுல கைய வெச்சு, சூடா கீதா பாரு” என்றேன். அவள் உள்ளங்கையை வைக்கவில்லை. பால் பாத்திரத்தின் வெளிப்பக்கம் வைப்பாளே, அதே போல விரலின் பின்பக்கத்தை வைத்தாள். “இது அடுப்புல கீற பாலு” என்றாள். அரை மணி கழித்து, “இப்ப காபி கலக்கலாம்” என்றாள். அப்புறம் டீ ஃபிளாஸ்கை எடுக்க வந்தவள் போகிற போக்கில் தொட்டுவிட்டு, “ம், இப்ப உறை ஊத்தலாம்” என்றாள். நான் ஸ்பேனரைப் போட்டேன். பழம் காம்பை விடுவது போல வந்தது பிளக்.

அதன்பிறகு அவள் இருந்தவரை, அந்தக் கடைசிக் காலையைத் தவிர, அவள் வந்து தொடாமல் நான் எந்த வண்டியிலும் பிளக்கில் கை வைத்ததில்லை. அவளுக்குப் பகலில் வீட்டு வேலை, மாடு, தண்ணீர் லாரி என்று ஆயிரம் இருக்கும். வண்டிக்காரர்கள் காத்திருப்பார்கள். இஞ்சின் ஆறிவிட்டதே, ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று ஒருநாள் காதர் பாய் கேட்டார். வீட்டுக்காரி இன்னும் வரவில்லை, உறை ஊற்றும் சூடு வந்துவிட்டதா என்று அவள்தான் சொல்ல வேண்டும் என்றேன். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். “இன்னா முனுசாமி, நான் வண்டிய ஒர்க்‌ஷாப்ல உட்டேனா, தயிர்க் கடையில உட்டேனா?”

துப்பாக்கி

அடுத்த முறை பாய் ஒரு துப்பாக்கியோடு வந்தார். தூரத்திலிருந்து நீட்டி அழுத்தினால் சூட்டை நம்பராகக் காட்டும் துப்பாக்கி. மீன் பெட்டியில் ஐஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வாங்கினாராம். அன்று இஞ்சினுக்கும் நீட்டினார். ஒரு இடத்தில் ஒரு நம்பர் காட்டியது, நாலு விரற்கடை தள்ளினால் வேறு நம்பர். தேவகி அவர் அழுத்தி அழுத்திப் பார்ப்பதை ஒரு ஓரமாக நின்று பார்த்தாள். எந்த நம்பர் வந்தால் உறை ஊற்றலாம், சொல்லு தங்கச்சி, நான் சுவரில் எழுதி வைத்துவிடுகிறேன் என்றார் பாய்.

தேவகி யோசித்தாள். வெயில் நாளில் ஒரு சூடு, மழை நாளில் அதைவிடக் கொஞ்சம் அதிகம், மார்கழியில் பாத்திரத்துக்குத் துணி சுற்ற வேண்டும், எதை எழுதுவது என்றாள். பாய் விடவில்லை. துப்பாக்கி பொய் சொல்லாது தங்கச்சி என்றார். அவள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தபடி கேட்டாள்: “நம்பர பாத்தா பாய் தயிரு உறையும்?”

ஒரு சாண் டியூப்

கழற்றுவது பாதிதான். புதிதைப் போடுவதிலும் வம்பு உண்டு. ஒரு சாண் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாத மரையில் பிளக்கை நேராக உட்கார வைக்க வேண்டும். கோணலாக உட்கார்ந்ததை ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை போயிற்று. மறுபடி தாமஸ் பிள்ளைகளின் படிப்புக்கு நாம்தான் பொறுப்பு. அதனால் நான் வீட்டு கேஸ் அடுப்பின் பழைய ஆரஞ்சு நிற டியூபில் ஒரு சாண் வெட்டி வைத்திருக்கிறேன். பிளக்கின் தலையை அதில் செருகி, குழிக்குள் இறக்கி, டியூபை இரண்டு விரலால் உருட்ட வேண்டும். நேராகப் பிடித்தால் பிளக் தானே இறங்கும். கோணலாகப் போனால் டியூப் வழுக்கிவிடும், மரை தப்பிக்கும். கடைசியில்தான் ஸ்பேனர்.

சதுரங்கப்பட்டினம் அஞ்சலை அக்கா சொந்தமாக மீன் வேன் வைத்திருப்பவர். வண்டியைக் கடற்கரை மணலிலேயே நிறுத்துவார், பிளக் குழியில் எப்போதும் அரைக் கை மணல் இருக்கும். கழற்றுமுன் காற்றடித்து அந்த மணலை ஊதி எடுக்காவிட்டால் அது நேராக இஞ்சினுக்குள் விழும். அன்று ஊதி முடித்து, பழசைக் கழற்றி, டியூபால் புதிதை உருட்டிக்கொண்டிருந்தேன். அக்கா வெற்றிலையை மென்றபடி ரொம்ப நேரம் பார்த்தார். “இரும்ப வெச்சு முட்டாம ரப்பர வெச்சு கெஞ்சிகினு கீற. இந்த ஆம்பளைங்க பொண்டாட்டி கிட்டயும் இப்டி கொஞ்சம் கெஞ்சினா இன்னாவாம்?”

மூணு பிளக்

தேவகி போன பிறகு நாற்பது நாள் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவில்லை. திறந்த பிறகும் பிளக் வேலை எடுக்கவில்லை. பிரேக், கிளட்ச், பெல்ட் என்று பார்த்தேன். பிளக் என்று வந்தவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். காதர் பாயின் லாரி மட்டும் வாரம் ஒருமுறையாவது என் வாசலைத் தாண்டிப் போகும். சத்தத்தை வைத்தே தெரியும். அதற்குள் அந்த நாலாவது பிளக் இருக்கிறது, அரைச் சுற்றுத் திருகித் திரும்ப முறுக்கியது, இனி எப்போது தொட்டாலும் முறியத் தயாராக இருப்பது. முறிந்தால் லாரி நிற்கும், ஹெட்டைத் தூக்க வேண்டும். அதெல்லாம் தாமஸ் பார்த்துக்கொள்வான். எனக்குப் பயம் வேறு. அந்தப் பிளக்குக்காகத்தான் நான் அவளோடு போகவில்லை. அதையும் முறித்துவிட்டேன் என்றால், அன்றைய காலையைப் பற்றி எனக்கு நானே சொல்லிக்கொள்ள ஒன்றுமே இருக்காது.

மார்கழியில் பிளக் மாற்றும் தவணை வந்தது. பாய் வேறு எங்காவது போயிருப்பார் என்று நினைத்தேன். என்னிடமே வந்தார். லாரியை நிறுத்தி, கையிலிருந்த அட்டைப் பெட்டியை நீட்டினார். நாலு பிளக் வைக்க நாலு குழி உள்ள பெட்டி. மூன்றில் பிளக் இருந்தது, ஒரு குழி காலி. அந்தப் பெட்டி மூன்றாக விற்பதில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று பாய்க்கும் தெரியும். அதை வாங்கிக்கொண்டேன். கண் சரியில்லை என்று சொல்லத் தோன்றவில்லை. நான் தாமதிப்பதைப் பார்த்து அவர் சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: “கடையில மூணுதாம்பா இருந்துச்சு.”

நொண்டி

மாசியில் நான் போட்ட மூன்றும் பிடிவாதம் செய்யாமல் கழன்றன. மூன்று புது பிளக்கும் ஒரு கிழட்டு பிளக்குமாக அந்த லாரி ஆடி மாதம் வரை ஓடியது. பிறகு நொண்ட ஆரம்பித்தது. காலி வண்டியில் தெரியாது, லோடு ஏற்றினால் மூன்று காலில் நடக்கும் மாடு மாதிரி இழுக்கும். ஒருநாள் முட்டுக்காடு பாலத்தின் ஏற்றத்தில் முழு லோடோடு நின்றுவிட்டது. பின்னால் ஹாரன், முன்னால் வெயில், பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் சாலையில் ஓடுகிறது. கோவளத்திலிருந்து இன்னொரு வண்டி வந்து மீனை மாற்றி ஏற்றினார்கள். இதை ஏழுமலை என்னிடம் சொல்லவில்லை. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நானே அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினான். அப்புறம் சொன்னான்: வழியில் ஒரு மெக்கானிக் எட்டிப் பார்த்து, பத்து நிமிஷத்தில் நாலாவதைக் கழற்றிப் போடுகிறேன் என்று ஸ்பேனரோடு ஏறினானாம். பாய் அவனைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டாராம். லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய் பாய் வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். நாலு நாளாக அங்கேயே நிற்கிறது. நாலு நாளாக ஏழுமலைக்கும் வேலை இல்லை. “பாயி இன்னா சொல்ட்டாரு தெர்மா அண்ணாத்த? ‘அது முனுசாமியோட பிளக்கு, அதுல வேற கை படக் கூடாது’னு சொல்ட்டாரு.”

உறை

பத்து நாள் கொடு, நானே எடுக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பத்து நாள் எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தொட்டுச் சொல்ல ஆள் இல்லையே, சூட்டை நான்தான் கற்றுக்கொள்ள வேண்டும். இஞ்சினில் கற்றுக்கொள்ள முடியாது, தவறினால் பிளக் முறியும். பாலில் கற்றுக்கொள்ளலாம். தவறினால் பால்தான் போகும்.

தேவகி இருந்தவரை எங்கள் வீட்டில் உறை மோர் இல்லாத நாள் கிடையாது. அவள் போன பத்து நாளில் அது கிண்ணத்தில் காய்ந்து, நான் கழுவி வைத்துவிட்டேன். இப்போது கடையில் பாக்கெட் தயிர் வாங்கி அதையே உறையாக ஊற்றினேன். முதல் நாள் பால் திரிந்தது. இரண்டாம் நாள் பாலாகவே இருந்தது. மூன்றாம் நாள் கரண்டியில் எடுத்தால் நூல் நூலாக வந்தது. உள்ளங்கையை விட்டேன், விரலின் பின்பக்கத்தை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் தழும்புதான். கடைசியில் மணிக்கட்டின் உள்பக்கம், நாடி ஓடும் இடம், அங்கே மட்டும் தோல் மிருதுவாக இருந்தது. ஸ்பேனர் அங்கே படுவதில்லை. அந்த இடத்தைப் பாத்திரத்தில் வைத்தபோது, பல வருஷத்தில் முதல்முறையாக எனக்குச் சூடு உடனே தெரிந்தது. அடுப்படியில் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன்.

ஆனாலும் மறுநாள் தயிர் கெட்டியாகவில்லை. ஏழுமலை வந்தவன் ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்துவிட்டு, “இத்த பேரிங்குல பூசலாம்” என்றான். சிரித்துவிட்டுப் போனான். அடுத்த நாள் காலை ஒரு எவர்சில்வர் டம்ளரோடு வந்தான், மேலே ஒரு தட்டு மூடி. என் தெருக்கோடியில்தான் அவன் வீடு. அவன் மனைவி செல்வி கொடுத்து அனுப்பிய உறை மோர். கடைத் தயிரில் உறையாது, இதை ஊற்றச் சொன்னாளாம். செல்விக்கு எதற்குத் தொந்தரவு என்றேன். “தொந்தரவு இன்னா கீது அண்ணாத்த? இது உங்க வூட்டு உறைதான். எங்க கண்ணாலத்தப்போ தேவகிக்கா குட்த்தாங்க, அன்னிலேர்ந்து அதுலதான் ஊத்திகினு வர்றோம்.”

நாலாவது

அன்று ஊற்றியது உறைந்தது. அடுத்த நாளும் உறைந்தது. மூன்றாம் நாள் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன், அசையவில்லை. லாரியைக் கொண்டு வரச் சொன்னேன்.

ஆவணி மாதம், மழை நின்ற காலை. காதர் பாய் ஒரு ஆயில் டின்னின்மேல் உட்கார்ந்தார். ஏழுமலை டார்ச் பிடித்தான். கேபினைச் சாய்த்து, இஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தினேன். குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டேன். பிறகு காத்திருந்தேன். மணிக்கட்டை ஹெட்டில் வைத்தேன்: அடுப்பில் இருக்கும் பால். முக்கால் மணி கழித்து வைத்தேன்: காபி. பாய் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது. பதினொன்றே காலுக்கு மறுபடி வைத்தேன். வீட்டுப் பாத்திரத்தில் நான் தினம் தொடும் சூடு, அதேதான். மழை நாள் என்பதால் இன்னும் ஆறவிடவில்லை.

கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினேன். கத்தியது. உள்ளே திருப்பினேன், எண்ணெய் விட்டேன். மறுபடி. கத்தியது. மறுபடி. அரைச் சுற்று வந்தது, அன்றைக்கு விட்ட இடம். அங்கே கையை எடுத்துவிட்டு நின்றேன். மணிக்கட்டை இன்னொரு முறை வைத்துப் பார்த்துவிட்டு ஸ்பேனரைப் பிடித்தேன். முக்கால் வந்தது. ஒன்று வந்தது. அதற்குப் பிறகு சத்தமில்லை. ஸ்பேனரை எடுத்துவிட்டு டியூபைச் செருகி இரண்டு விரலால் உருட்டினேன், எதிர்ப்பக்கமாக. பிளக் முழுசாக மேலே வந்தது. பீங்கானில் ஒரு கீறல் இல்லை. முனை மட்டும் பொறி வைத்து வைத்துத் தேய்ந்து மழுங்கியிருந்தது.

பாய் எழுந்து லாரியின் கதவைத் திறந்து, டேஷ்போர்டிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மார்கழியில் கடையில் இல்லாத நாலாவது பிளக். போட்டு, மூடி, ஏழுமலை சாவியைத் திருப்பினான். இஞ்சினின் நாலு சிலிண்டரும் ஒன்றாகப் பேசின. அவன் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு கத்தினான். பாய் கத்தவில்லை. பழைய பிளக்கை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன் வேட்டியிலேயே துடைத்து என் சட்டைப் பையில் போட்டார். “அரை மணினு சொன்ன வேல இது, ஒண்ணர வருஷம் ஆய்ட்ச்சு. ஆனா ஒடையல முனுசாமி.”

முப்பத்தைந்து வருஷம் பிளக் கழற்றியதில் என்னிடம் மிஞ்சியது முறியாத பிளக் ஒன்று, ஒரு சாண் டியூப், தினம் காலையில் ஒரு கிண்ணம் தயிர்.